ஐம்பது வேண்டாம், ஐந்து போதும்

அன்புள்ள மகிழன்,

உன் கடிதம் வந்தது. உலகப் படங்களில் பார்த்தே ஆக வேண்டிய ஐம்பதைப் பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். ஐம்பது கொடுத்தால் நீ ஐந்தைக்கூடப் பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பட்டியலைப் பத்திரப்படுத்தியதிலேயே பாதி படம் பார்த்த திருப்தி வந்துவிடும். அதனால் ஐந்தே படம் சொல்கிறேன். அடிதடி, பேய், துப்பறிதல் எதுவும் கிடையாது. இந்த மாதிரிப் படங்களில் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று நீ சலித்துக்கொள்வதுண்டு. திரையில் காட்டுவதை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். இயக்குநர் எதைக் காட்டாமல் விட்டார் என்று நீ பார்.

‘எ செப்பரேஷன்’ படத்திலிருந்து தொடங்கு. ஈரானின் அஸ்கர் ஃபர்ஹாதி 2011இல் எடுத்தது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. டெஹ்ரானில் ஒரு நடுத்தரக் குடும்பம். மனைவி சிமினுக்கு மகளை அழைத்துக்கொண்டு வெளிநாடு போய்விட வேண்டும். கணவன் நாதெருக்கு, நினைவு தப்பிப்போன அப்பாவை விட்டுவிட்டு வர மனமில்லை. அவள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறாள். பெரியவரைப் பார்த்துக்கொள்ள ரஸியே என்ற ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். பெரியவர் உடுப்பை நனைத்துவிடுகிறார். அந்நிய ஆணைத் தொட்டுச் சுத்தம் செய்வது பாவமாகுமா என்று மார்க்கம் தெரிந்தவர்களிடம் போன் போட்டுக் கேட்கிறாள் ரஸியே. பக்கத்தில் நிற்கும் அவளுடைய சின்னப் பெண், அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்கிறது. பயமும் பாசமும் இத்தனை சின்ன இடத்தில் அடங்கி நான் அதிகம் பார்த்ததில்லை.

ரஸியே கர்ப்பிணி. ஒருநாள் பெரியவரைக் கட்டிலோடு கட்டிவைத்துவிட்டு வெளியே போயிருக்கிறாள். வீடு திரும்பிய நாதெர் கொதித்துப்போய் அவளை வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். பிறகு கரு கலைந்துவிட்டது என்று வழக்கு. அவள் கர்ப்பமாக இருந்தது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மகளின் டியூஷன் டீச்சரிடம் ரஸியே டாக்டர் பற்றிப் பேசிய நேரத்தில் நாதெர் சமையலறையில் இருந்தான். அந்தக் காட்சியை நாமும்தான் பார்த்தோம். ஆனால் பேச்சு அவன் காதில் விழுந்ததா என்று கேட்டால் நமக்கும் திருதிருவென்று விழிக்கத்தான் தெரியும். இன்னொரு இடம் சொல்கிறேன். பெரியவர் யாருக்கும் தெரியாமல் தெருவுக்குப் போய்விடுகிறார். ரஸியே பதறி ஓடுகிறாள். சாலையில் வண்டிகள் பறக்கின்றன. சட்டென்று காட்சி மாறிவிடுகிறது. நடுவில் சில விநாடிகள் விட்டுப்போனது நமக்கு உறைப்பதே இல்லை. கதையின் முடிச்சு அந்தச் சில விநாடிகளில் கிடக்கிறது. என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

அடுத்தது ஜப்பானின் ‘டோக்கியோ ஸ்டோரி’, யசுஜிரோ ஓசு, 1953. ஒனோமிச்சி என்ற துறைமுக ஊரிலிருந்து வயதான கணவனும் மனைவியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். டாக்டர் மகனுக்கு நேரம் இல்லை. அழகு நிலையம் நடத்தும் மகளுக்குப் பொறுமை இல்லை. இருவருமாகக் காசு போட்டு, பெற்றவர்களை அட்டாமியில் வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே ராத்திரி முழுக்கக் கூச்சல், கண் மூட முடியவில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவி நொரிகோதான் லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். கேமரா பாயில் உட்கார்ந்தவர் போலத் தாழ இருக்கும், பெரும்பாலும் அசையாது. முதல் அரைமணி நேரம் உன் பொறுமையைச் சோதிக்கும்; போனை வேறு அறையில் வைத்துவிடு.

இதிலும் விட்டதைக் கவனி. ஊரில் பெட்டி கட்டுவதைப் பார்க்கிறோம்; அடுத்து டோக்கியோவின் புகைபோக்கிகள்தான். ரயில் பயணம் இல்லை. திரும்பும் வழியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போவதையும் யாரோ பேசித்தான் தெரிந்துகொள்கிறோம். பிள்ளைகளுக்குச் செய்தி வருவது போலவே நமக்கும் வருகிறது. அம்மா போனதும் மகள் வாய்விட்டு அழுகிறாள். காரியம் முடிந்த சாப்பாட்டிலேயே அம்மாவின் உடுப்பில் எது தனக்கு வேண்டும் என்றும் கேட்கிறாள். இரண்டுமே உண்மை, ஓசு எதையும் அடிக்கோடிடுவதில்லை. நம் உறவிலும் இப்படி ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம். அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை என்பதைப் படம் முடிந்த பிறகு நினைத்துப் பார்.

அகிரா குரோசாவாவின் ‘இகிரு’ (1952) இன்னும் துணிச்சலானது. நகராட்சி அலுவலகத்தில் கோப்புகளுக்கு முத்திரை குத்தியே காலம் போக்கிய வதனபே என்ற அதிகாரிக்கு வயிற்றில் புற்றுநோய். சாவதற்குள் ஒரு சாக்கடைக் குட்டையை மூடிக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் கட்ட நினைக்கிறார். படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே கதாநாயகன் செத்துப்போகிறார்! மீதியெல்லாம் துக்க வீட்டில், குடித்துக்கொண்டே பேசும் சக அலுவலர்கள் வாயிலாக. திடல் யாரால் வந்தது என்று அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால், அரசு அலுவலகம் ஏறி இறங்கிய எவருக்கும் சிரிப்பு வரும்.

சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957) அநேகமாக முழுக்க, ஒரு கொலை வழக்கின் ஜூரிகள் கூடிப் பேசும் ஒரே அறையில் நடக்கிறது. கொலையைக் காட்டுவதில்லை, யார் செய்தது என்றும் கடைசிவரை தெரியாது. போகப் போக லென்ஸை மாற்றி மாற்றி, அறை சுருங்கிவருவது போல ஆக்கியிருப்பார்கள்.

கடைசியாக இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, விட்டோரியோ டி சிகா, 1948. சைக்கிள் இருந்தால்தான் அப்பாவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை. அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க, படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள் மனைவி. கடைக்காரர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கின் மேல் ஏறுகிறார், ஏறிக்கொண்டே போகிறார். ரோம் நகரம் மொத்தமும் விரிப்பில்லாமல் படுக்கிறது என்று புரிகிறது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அப்பாவாக வரும் மஜ்ஜொரானி நடிகரே அல்ல, ஆலைத் தொழிலாளி. 1950இல் லண்டனில் இதைப் பார்த்த சத்யஜித் ராய்தான் பிறகு ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்தார்.

எல்லாவற்றையும் அந்தந்த மொழியிலேயே, சப்டைட்டிலோடு பார். டப்பிங்கில் நொரிகோவின் குரல் போய்விட்டால் பாதி நொரிகோ போய்விடுவாள். பார்த்ததும், நீ நாதெர் பக்கமா, ரஸியே பக்கமா என்று எழுது. உன் சித்தி முதல் நாளிலிருந்தே சிமின் கட்சி. அந்தத் தகராறு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
சித்தப்பா