யானையைப் பிரித்துவிடு, மகள்

கடுகண்ணாவை,
ஐப்பசி, மழை விட்ட ஒரு காலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையல் சுத்தம். சங்கிலிக் கண்ணிகள் ஒன்றுகூடப் பெருக்கவில்லை, சிறுக்கவில்லை. பத்து வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் விரலைக் குத்திக்கொண்டு அழுத பிள்ளையா இது என்று சந்தோஷமாக இருந்தது.

"கண்டி நகர வாழ்க்கையைத் துணியில் தைக்கப் போகிறேன், முதல் துணி எப்படி, பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்காதே. துணியில் ஏரி இருக்கிறது, மாளிகை இருக்கிறது, நெற்றிப்பட்டம் கட்டிய யானை இருக்கிறது. உல்லாசப் பயணி வாங்கிப் போகும் தபாலட்டையிலும் இவ்வளவும் இருக்கிறது. அந்த யானையை நீ எங்கே பார்த்துத் தைத்தாய்? போனில்தானே? பெரஹரா ஊர்வலம் வருஷத்துக்கு ஒரு தரம். நீ பஸ் ஏறுவது தினமும்.

ஏழு வருஷமாகக் கடுகண்ணாவையில் ஏறி, பிலிமத்தலாவை, பேராதெனிய, கெட்டம்பே தாண்டிக் கண்டிக்கு வேலைக்குப் போகிறாய். அந்தப் பாதையில் எந்தக் கடைப் பலகையில் எந்த எழுத்து உதிர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாய். அதில் ஒன்றுகூடத் துணிக்கு வரவில்லையே என்பதுதான் என் குறை.

போன் ஒரு நொடியில் படம் பிடித்துவிடும். ஊசிக்கு அது முடியாது. உள்ளங்கை அகலத்தை நிரப்ப இரண்டு மூன்று பின்னேரம் போய்விடும். அவ்வளவு நேரம் ஒரு பொருளோடு உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால், அது நீ பலதரம் பார்த்த பொருளாக இருக்க வேண்டும். ஒரு தரம் பார்த்ததைத் தைத்தால் பாதியில் கைக்கு அலுப்பு வரும், அந்த அலுப்பு துணியில் தெரியும். உன் யானையின் பின்னங்காலைப் பார், அங்கே அலுத்திருக்கிறாய்.

நம் வாசலையே எடு. காலையில் பாண் விற்கும் சூன்பாண் த்ரீவீல் அந்தப் பழைய பீத்தோவன் மெட்டை இசைத்துக்கொண்டு ஏற்றத்தில் வருகிறது. மெட்டுக் கேட்டதும் மூன்று வீட்டுக் கேற் திறக்கிறது. ஒரு கையில் தட்டு, மறு கையில் சில்லறை. வண்டியையே தைக்க வேண்டும் என்பதில்லை. பாதி திறந்த கேற்றையும் தட்டுப் பிடித்த ஒரு கையையும் தைத்தால் போதும், நம் நாட்டவர் எவருக்கும் அந்த மெட்டுக் காதில் விழும்.

இதெல்லாம் கலையாகுமா என்று நீ யோசிப்பாய். கண்டிச் சீமையின் பழைய பூத்தையல் எங்கே வளர்ந்தது தெரியுமா? வெற்றிலைப் பையில். இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க எடுத்து எடுத்து வைக்கிற பை. பருத்தித் துணியில் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாய் நூல், நடுவில் தாமரை, பெரும்பாலும் நீ போடும் அதே சங்கிலித் தையல். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலைகள் பற்றிய பெரிய நூலில் கோயில் சிற்பத்தோடு இந்தப் பைகளுக்கும் இடம் கொடுத்தார். அந்த நூலுக்குப் படம் எடுத்த அவர் மனைவி எதெல், பிற்காலத்தில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளர் ஆனார்.

வேறு ஊர்களிலும் அப்படித்தான். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலை வேட்டிகளை அடுக்கிக் காந்தா என்ற போர்வை தைத்தார்கள். நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்துதான் உருவி எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காந்தாக்களில் தாமரைக்குப் பக்கத்திலேயே குதிரை வண்டியும் தொப்பி போட்ட துரையும் சீட்டுக்கட்டும் வரும். தெருவில் போனது அப்படியே போர்வைக்குள் வந்துவிட்டது. சிலி நாட்டில் 1973க்குப் பிந்திய இராணுவ ஆட்சியில், சந்தியாகோவின் ஏழைக் குடியிருப்புப் பெண்கள் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்துத் தங்கள் நாட்களைச் சொன்னார்கள். பொதுச் சமையல் கூடம், தண்ணீர்க் குழாயடி, காணாமல் போன பிள்ளையைத் தேடி நிற்கும் தாய். வாயால் பேச முடியாததை ஊசியால் பேசினார்கள்.

நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. ஹேமா ஷிரோனி கண்டியில் பிறந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்தவர். வீட்டையும் வீடு மாறிப் போவதையும் கைத்தையலால் சொல்லிக் கொழும்புக் காட்சிக்கூடங்கள் வரை கொண்டுபோயிருக்கிறார். அவர் வேலைகளைத் தேடிப் பார். அப்படியே தைப்பதற்காக அல்ல. தன் வீட்டைத் துணிக்குள் கொண்டுவர அவர் எதையெல்லாம் விட்டார் என்று பார்ப்பதற்காக.

இனி வேலை நுணுக்கம் சொல்கிறேன்.

பஸ்ஸுக்கு நிற்கும் ஐந்து நிமிஷத்தில் சின்னக் கொப்பியில் கோடு போட்டுப் பழகு. அழகாக இருக்க வேண்டாம். ஒரே நிறுத்தம், ஒரே மூலை, ஒரு மாதம். மாதக் கடைசியில் எது திரும்பத் திரும்ப வந்திருக்கிறதோ அதுதான் உன் துணி.

பூவேலை நூல் ஆறு இழை கொண்டது. நீ எல்லா இடத்துக்கும் மூன்று இழையே போட்டிருக்கிறாய், அதனால் மலையும் மதிலும் ஒரே தூரத்தில் நிற்கின்றன. தூரத்து மலை முகட்டுக்கு ஒற்றை இழை, நடுவில் வரும் கூரைகளுக்கு இரண்டு, கைக்கெட்டும் பொருளுக்கு மூன்று. பள்ளத்தாக்கின் ஆழம் தானாக வரும்.

தையலைப் பொருளே சொல்லட்டும். நம் கடுகண்ணாவைக் கணவாய் வளைவுகளுக்குக் காம்புத் தையல். பஸ்ஸில் தொங்கும் கூட்டத்துக்கு முடிச்சுத் தையல், நெருக்கி நெருக்கி. மழைக்கு நீளமான ஒற்றைத் தையல், எல்லாம் ஒரே சாய்வில். பஸ் பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரட்டும். சிங்கள எழுத்தின் வட்டங்களுக்குத் தையல் பொடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டி முட்டி நிற்கும்.

சிவப்பு நூலை நம்பாதே. உன் சித்தி கல்யாணத்துக்கு வெள்ளை மேசைவிரிப்பில் ஒரு மாதம் செம்பருத்தி தைத்தேன். முதல் சலவையில் விரிப்பு முழுக்க இளஞ்சிவப்பு. அன்றிலிருந்து எந்தச் சிவப்பையும் முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் கோர்ப்பேன். தைக்கும் துணியையும் முன்னதாக ஒரு தரம் அலசிக் காயவை, சுருங்குவது தைப்பதற்கு முன் சுருங்கட்டும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். முடித்ததைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வை.

மனிதர்களைத் தைக்கும்போது கொஞ்சம் யோசி. கணவாயோரம் பழம் விற்கும் அக்காவைத் தைக்க ஆசை என்று முன்பு சொன்னாய். கேட்டுவிட்டுத் தை. முகம் வேண்டாம் என்றால் விட்டுவிடு, தராசு பிடித்த கை போதும். பரிதாபமாக மட்டும் காட்டாதே. அவ காலையில் பழம் அடுக்கும் நேர்த்தி உன் தையலில் இன்னும் வரவில்லை.

பணத்தையும் பேசிவிடுகிறேன். கடைக்காரர் யானைதான் கேட்பார். வீட்டுச் செலவுக்கு யானை தைத்துக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கொப்பியில் மணிக்கணக்கு எழுதி, நூல் துணிச் செலவோடு உன் கூலியையும் சேர்த்தே விலை சொல். ஆனால் அது வேறு துணி, இது வேறு துணி. இரண்டுக்கும் ஒரே சட்டத்தைப் பூட்டாதே.

வருகிற போயா லீவுக்கு வா. அந்தத் துணியையும் எடுத்து வா. இரண்டு பேருமாக உட்கார்ந்து யானையைப் பிரிப்போம், சின்னக் கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது. சாம்பல் நூலை எறிந்துவிடாதே. பிரித்த நூல் கொஞ்சம் பஞ்சு பஞ்சாய் இருக்கும், அதனால் யானைக்கு இனி ஆகாது. காலை ஆறரைக்கு உன் பஸ் கணவாய்ப் பக்கமிருந்து ஏறி வரும்போது முன்னால் நிற்கிற மூடுபனிக்கு அதைவிடப் பொருத்தமான நூல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அன்புடன்,
உன் பெரியம்மா