கடலோர நகரில் மூன்று நாள்கள்

நுழையும்முன்

சுற்றுலாச் செல்வோர் ஒரு புதிய நகரை முதலில் கண்ணால் காண்கின்றனர். பின்னர் அதன் பேச்சைக் காதால் கேட்கின்றனர். அந்நகரின் எழுத்தையும் படிக்க இயன்றால், அங்கு வாழும் மக்களின் வாழ்க்கை அவர்களுக்குச் சற்றே விளங்கத் தொடங்குகிறது. பெங்களூருவைச் சேர்ந்த தம்பதியர் இலங்கையின் கொழும்பு நகரில் கழித்த முதல் மூன்று நாள்களை இப்பாடம் கூறுகிறது. தம்பதியரும் அவர்கள் சந்திக்கும் முதியவரும் கற்பனை மாந்தர்கள். இடங்களும் வரலாற்றுச் செய்திகளும் உண்மையானவை.

மேட்டுநிலத்திலிருந்து கடற்கரைக்கு

பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அங்கு ஏரிகள் உண்டு, கடல் இல்லை. அல்சூர் ஏரிக்கு அருகில் வாழும் அத்தம்பதியர், திருமணமாகி 20 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டுக் கடலோர நகர் ஒன்றைக் காண விரும்பினர். பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வான்பயணத்தில் சென்றடையக்கூடிய கொழும்பைத் தேர்ந்தெடுத்தனர். இருவருக்கும் அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம்.

கணவர் பெங்களூருவிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசினார். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்றார். ஆகவே, தமிழைத் தடையின்றிப் பேசுவாரேயன்றி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மனைவி சேலத்தில் தமிழ்வழியில் கற்றவர். வீட்டிற்கு வரும் திருமண அழைப்பிதழைக்கூடக் கணவர் பிரித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டுவது வழக்கம்.

கட்டுநாயக்க வானூர்தி நிலையத்தில் இறங்கியதும் பெயர்ப்பலகைகள் அவர்களை வரவேற்றன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அவை எழுதப்பட்டிருந்தன. சிங்கள எழுத்துகளின் வட்ட வடிவம் கணவருக்குக் கன்னட எழுத்துகளை நினைவூட்டியது. ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் அவரால் படிக்க இயலவில்லை. அவர் பார்வை ஆங்கிலத்துக்குத் தாவியது. மனைவியோ நடுவரியிலேயே நின்றார்.

“என்னங்க, அயல்நாட்டுக்கு வந்திருக்கிறோம், ஆனால் பலகை நம் மொழியில் பேசுகிறதே!” என்றார்.

அன்று மாலை இருவரும் காலிமுகத்திடலுக்குச் சென்றனர். கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் இத்திறந்த வெளியை 1859ஆம் ஆண்டில் ஆளுநர் ஹென்றி வார்டு மக்கள் உலாவுவதற்கென அமைத்தார். சிறுவர்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தனர். தள்ளுவண்டிகளில் இறால் வடை விற்கப்பட்டது. சென்னை மெரினாவில் கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் கண்டிருந்த மனைவிக்கு, இங்கே அது கடலுக்குள் இறங்கும் காட்சி புதுமையாக இருந்தது. இருள் சூழும்வரை இருவரும் பேச்சின்றி அமர்ந்திருந்தனர்.

கோட்டையும் பேட்டையும்

இரண்டாம் நாள் காலையில் அவர்கள் புறக்கோட்டைக்குச் சென்றனர். ஐரோப்பியர் ஆட்சியில் கோட்டை இருந்த பகுதி இன்றும் ‘கோட்டை’ எனப்படுகிறது. அதற்கு வெளியே அமைந்த வணிகப் பகுதியே புறக்கோட்டை. இதன் சிங்களப் பெயருக்கும் ‘வெளிக்கோட்டை’ என்பதே பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெட்டா’ என்னும் பெயரோ, ‘பேட்டை’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. பெங்களூருவிலும் பழைய கோட்டையை அடுத்துச் சிக்கபேட்டை, பளேபேட்டை, நகரத்பேட்டை என வணிகத் தெருக்கள் விரிந்திருப்பதைக் கணவர் எண்ணிப் பார்த்தார். ஊர் வேறாயினும் கோட்டையும் பேட்டையும் இரண்டு நகரங்களிலும் அண்டை வீடுகளாகவே நின்றன.

புறக்கோட்டையின் இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமான கற்பட்டைகளோடு செம்பள்ளிவாசல் நிற்கிறது. இந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் எழுந்த இப்பள்ளிவாசல் 1909இல் நிறைவுற்றது. சற்றுத் தொலைவில், நகைக் கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில், கதிரேசன் கோயில்கள் உள்ளன. கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் தம் வழிபாட்டையும் மொழியையும் உடன் கொண்டு வந்தமைக்கு இவை சான்றுகளாகும்.

பிற்பகலில் அவர்கள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தனர். 1877இல் திறக்கப்பட்ட அவ்வருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு அவர்களை நிறுத்தியது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ, 1409ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல்லைச் சீனாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் பெயரில் திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. வணங்கப்படும் தெய்வங்கள் வேறு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளோ ஏறத்தாழ ஒரே அளவின. 1,000 பொற்காசும் 5,000 வெள்ளிக்காசும் அவற்றுள் அடங்கும். பிற்காலத்தில் இக்கல் மறக்கப்பட்டது. 1911இல் காலி நகரில் வடிகால் ஒன்றை மூடிய கல்லாக இது கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது.

கணவர் அத்தமிழ் வரிகளைப் படிக்க முயன்று, வழக்கம்போல் மனைவியைப் பார்த்தார். மனைவியும் தலையசைத்தார். 600 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வெழுத்து வடிவம் அவருக்கும் புரியவில்லை. அக்கல்லின் முன் இருவரும் ஒரே வகுப்பு மாணவராயினர்.

ஆறுதலாக வாசியுங்கோ

மூன்றாம் நாள் இருவரும் கோட்டைத் தொடர்வண்டி நிலையத்தில் ஏறினர். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என அவ்வழித்தடம் கடலை ஒட்டியே செல்கிறது. அலைகளின் திவலை சன்னல் வழியே முகத்தில் தெறித்தது. அவர்கள் தமிழர் மிகுதியாக வாழும் வெள்ளவத்தையில் இறங்கினர்.

தெருவெங்கும் தமிழ்ப் பலகைகள் இருந்தன. ஆனால் அவற்றுள் சில சொற்கள் புதியனவாக இருந்தன. ரொட்டி விற்கும் கடை ‘வெதுப்பகம்’ எனப்பட்டது. பேருந்து நிற்குமிடம் ‘தரிப்பிடம்’ ஆயிற்று. சாலையைக் கடக்குமிடம் ‘கடவை’ ஆயிற்று. மனைவி ஒவ்வொன்றையும் படித்து மகிழ்ந்தார். கணவர் கேட்டு மகிழ்ந்தார்.

1942ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் அப்பகுதியில்தான் உள்ளது. அதன் நூலகத்தில் மனைவி நூலடுக்குகளைப் பார்க்கச் சென்றார். கணவர் ஒரு மேசையருகே அமர்ந்தார். எதிரே இருந்த முதியவர் ஒருவர் ‘வீரகேசரி’ நாளிதழை அவர் பக்கம் நகர்த்தினார்.

“தம்பி, கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். இந்தச் செய்தியை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

கணவர் திகைத்தார். மனைவி தொலைவில் இருந்தார். ‘எனக்குப் படிக்கத் தெரியாது’ என்று கூற நா எழவில்லை. தெரியும் என்று கூறவும் துணிவில்லை. “ஐயா, நான் பெங்களூருவில் படித்தவன். தமிழை மெதுவாகத்தான் படிப்பேன்” என்றார்.

“அதுக்கென்ன தம்பி? ஆறுதலா வாசியுங்கோ” என்றார் முதியவர்.

அச்சொல் தமக்குத் தேறுதல் கூறுவதாகக் கணவர் எண்ணினார். இலங்கைத் தமிழில் ‘ஆறுதலாக’ என்றால் ‘மெதுவாக, அவசரமின்றி’ என்று பொருள் என்பதை அவர் பின்னரே அறிந்தார். எவ்வாறாயினும் அச்சொல் அவருக்குத் துணிவளித்தது. விரலை வரியின்மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். ணகரமும் னகரமும் மயங்கிய இடங்களில் முதியவர் திருத்தினார். சிறிய செய்தியொன்றை வாசித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று. முதியவர் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. நூலடுக்கின் ஓரத்தில் நின்ற மனைவி, உதவிக்கு வர ஓரடி எடுத்துவைத்து, பின் அங்கேயே நின்றுவிட்டார்.

வாசித்து முடிந்ததும் முதியவர், “கொஞ்ச நேரம் கதைப்பமோ?” என்றார். கதைத்தல் என்பது அங்கே உரையாடலைக் குறிக்கும். மூவரும் தேத்தண்ணீர் பருகியவாறு உரையாடினர். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியதையும், 1983ஆம் ஆண்டு சூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டதையும் முதியவர் கூறினார். அவருடைய சிறிய கடையும் அவற்றுள் ஒன்று. அவருடைய குடும்பத்தை அண்டை வீட்டுச் சிங்களக் குடும்பம் தன் வீட்டில் மறைத்து வைத்துக் காத்தது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் போர் 2009 வரை நீடித்தது.

“பலகையில இருக்கிற ஒரு வரி உங்களுக்குச் சின்ன விசயம், தம்பி. எங்களுக்கு அது அப்பிடியில்லை. எழுதி வைச்சிருக்கிறதை வாசிக்கவும் ஆக்கள் வேணும்” என்றார் முதியவர்.

கணவருக்கு மறுமொழி தோன்றவில்லை. பெங்களூருவில் அவர் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் வாயிலைப் பலமுறை கடந்தும் அவர் உள்ளே சென்றதில்லை. கன்னட மண்ணில் வாழ்பவர் கன்னடம் கற்றது தகும். அதனோடு தமிழையும் கற்க எவரும் தடை செய்யவில்லை. எழுத இடமும் படிக்க நூலும் எளிதாகக் கிடைத்த ஊரில், தாம் அவற்றைத் தேடாமலே இருந்துவிட்டதை அவர் உணர்ந்தார்.

விடைபெறும்போது மனைவி, அந்நகரில் கற்றுக்கொண்ட சிங்களச் சொல்லால் காவலாளிக்கு நன்றி கூறினார். ‘ஸ்துதி’ என்னும் அச்சொல், தமிழில் வழங்கும் ‘துதி’க்கு உறவு என்பது அவருக்கு உடனே புலப்பட்டது. காவலாளி சிரித்துக்கொண்டே தமிழில் “வணக்கம்” என்றார்.

மாலையில் அவர்கள் கல்கிசைக் கடற்கரைக்குத் தொடர்வண்டியில் சென்றனர். நிலையப் பலகைகளை வாசிக்கும் பணியைக் கணவர் தாமே ஏற்றுக்கொண்டார். ‘தெகிவளை’யை அவர் கூட்டி முடிக்குமுன் வண்டி புறப்பட்டுவிட்டது. கல்கிசையில் வண்டி நின்றபோது, இறங்குவதற்கு முன்பே பலகையை முழுமையாகப் படித்திருந்தார்.

சொல்லும் பொருளும்

திவலை – நீர்த்துளி
காணிக்கை – வழிபாட்டுக்கு அளிக்கும் பொருள்
கடவை – சாலையைக் கடக்குமிடம் (இலங்கை வழக்கு)
வெதுப்பகம் – ரொட்டி செய்து விற்குமிடம் (இலங்கை வழக்கு)
தேத்தண்ணீர் – தேநீர் (இலங்கை வழக்கு)
ஆக்கள் – ஆள்கள், மக்கள் (இலங்கைப் பேச்சு வழக்கு)

பயிற்சி

1. கொழும்பின் புறக்கோட்டைக்கும் பெங்களூருவின் பழைய வணிகப் பகுதிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. மும்மொழிக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ள மொழிகளையும் அவை போற்றும் தெய்வங்களையும் எழுதுக.
3. ‘ஆறுதலாக’ என்னும் சொல்லின் இரு பொருள்களையும் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.
4. மனைவி உதவிக்கு வர ஓரடி எடுத்துவைத்துப் பின் நின்றுவிட்டது ஏன்? உம் கருத்தைக் கூறுக.
5. “எழுதி வைச்சிருக்கிறதை வாசிக்கவும் ஆக்கள் வேணும்” – இத்தொடரை எழுத்து வழக்கில் மாற்றி, அதன் பொருளை விளக்குக.
6. செயல்பாடு: உம் தெருவில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் காணப்படும் பெயர்ப்பலகைகளுள் ஐந்தைப் பார்த்து எழுதி வருக. அவற்றுள் தமிழிலும் கன்னடத்திலும் ஒத்து வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.