பொய் அலையும் பழைய கருவியும்

லிட்டில் இந்தியாவுக்கு அருகிலிருந்த சுங்கை ரோடு சந்தையில் பழைய மின்கருவிகளும் விற்கப்பட்டன. 2017 ஜூலை 10இல் அது மூடப்பட்டது. மின்னணுப் பாகங்களைத் தேடுவோர் இன்றும் ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவருக்குச் செல்கின்றனர்.

மின்னழுத்தம் மாறுவதை அலைக்கோடாகக் காட்டும் கருவி அலைவுகாட்டி. 1980களில் வந்த டெக்ட்ரானிக்ஸ் 2230 இருவகையிலும் இயங்கும். அனலாக் முறையில், எலக்ட்ரான் கற்றை திரையில் நேரடியாகக் கோடு வரையும். டிஜிட்டல் முறையில், கருவி அலையை இடைவெளிவிட்டு அளந்து நினைவில் வைக்கும். ஒரே முறை தோன்றி மறையும் அலையைக்கூட நிறுத்திப் பார்க்கலாம். ஆனால், மிக வேகமான அலை அந்த இடைவெளிக்குள் பலமுறை ஏறி இறங்கிவிடும். அப்போது திரையில் மெதுவான பொய் அலை ஒன்று தெரியும். அதை நம்பினால், பழுதுபார்ப்பவர் நல்ல பாகத்தையே கழற்றிவிடுவார்! பொத்தானை அழுத்தி அனலாக் முறைக்கு மாற்றினால், அதே அலை அடர்ந்த ஒளிப்பட்டையாகத் தோன்றும், பொய் வெளிப்பட்டுவிடும்.