இசைவிழாவில் ஒரு விஞ்ஞானக் கூடாரம்

இங்கிலாந்தின் கோடை என்றதும் நம் ஊர்க் கத்திரி வெயிலை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை, மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும் காலமே அவர்களுக்குக் கோடை. அந்த மாதங்களில் பண்ணை நிலங்களிலும் பூங்காக்களிலும் பெரிய இசைவிழாக்கள் நடைபெறுகின்றன. மக்கள் கூடாரம் அடித்து மூன்று நான்கு நாட்கள் தங்குவார்கள். மார்கழிக் கச்சேரி போல் அமர்ந்து தொடையில் தாளம் போட்டுக் கேட்பதன்று அது. ரப்பர் பூட்ஸ் அணிந்து, சேற்றில் நின்று, ஆடிக்கொண்டே கேட்பது. இவற்றுள் பெயர் பெற்றது கிளாஸ்டன்பரி விழா. 1970-இல் ஒரு பால் பண்ணையில் அது தொடங்கியபோது நுழைவுச் சீட்டு ஒரு பவுன்தான். பண்ணைப் பால் இலவசம்! இப்போது விழா நடக்கும் ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் கூடுகிறார்கள்.

இவ்வளவு ஆரவாரத்திற்கு நடுவே விஞ்ஞானத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் 2008-இல் 'சீக்ரெட் கார்டன் பார்ட்டி' என்னும் விழாவில் 'கெரில்லா சயின்ஸ்' என்ற குழுவினர் விஞ்ஞானிகளை அழைத்து வந்து விளையாட்டுகளும் சோதனைகளும் நடத்தினர். வேல்ஸ் நாட்டு மலைகளின் நடுவே நடக்கும் 'கிரீன் மேன்' விழாவில் 'ஐன்ஸ்டீனின் தோட்டம்' என்றே ஒரு பகுதி அமைந்தது. 2016-இல் 'புளூடாட்' விழா பிறந்தது. அது நடந்த இடமே ஒரு விந்தை: ஜோட்ரெல் பேங்க் வானாய்வு நிலையம். 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட, 76 மீட்டர் விட்டமுள்ள லவெல் ரேடியோ தொலைநோக்கியின் அடியில் மேடை போட்டுப் பாடினார்கள்! இரவில் அந்த மாபெரும் கிண்ணத்தின்மீது வண்ண ஒளிப்படங்களை வீழ்த்தினார்கள். 1990-இல் வாயேஜர் 1 விண்கலம் வெகு தொலைவிலிருந்து எடுத்த படத்தில் நம் பூமி ஒரு வெளிர்நீலப் புள்ளியாகத் தெரிகிறது அல்லவா? அதுவே அவ்விழாவின் பெயர்க் காரணம்.

சரி, இத்தகைய கூடாரங்களில் என்னதான் செய்கிறார்கள்? ஒலியிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு மெல்லிய உலோகத் தகட்டை நடுவில் பொருத்தி, அதன்மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் மணல் துள்ளி ஓடி அழகிய கோலமாக நின்றுவிடும். எந்தக் கோடுகளில் தகடு அசையாமல் இருக்கிறதோ அங்கே மணல் ஒதுங்குகிறது. சுருதி மாறினால் கோலமும் மாறும். ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இதற்கு நம் நாட்டுத் தொடர்பும் உண்டு. சர் சி. வி. ராமன் மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்து, 1920-இலும் 1934-இலும் கட்டுரைகள் எழுதினார். சாதாரணத் தோல் பறையின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் நடுவிலுள்ள கறுப்புக் கரணையின் எடைதான் அவற்றை ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. இதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராமலே நம் கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

வயலின் வில்லும் தகடும் எங்களிடம் இல்லை. வாயகன்ற எவர்சில்வர் பாத்திரத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, தூள் உப்பைத் தூவினோம். கோயில் பாடகர் குழுவில் பாடும் தோழிகள் இருவரை அருகில் நின்று 'ஊ' என்று பாடச் சொன்னோம். ஒருத்தி பாடியபோது உப்பு சும்மா கிடந்தது. மற்றவள் சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே போக, ஓரிடத்தில் உப்பு பொரிந்தாற்போல் துள்ளி வளையமாக ஒதுங்கியது. உரக்கப் பாடினால் போதாது, சரியான சுருதி வேண்டும். ஒத்ததிர்வு என்று பாடத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தபோது விளங்காதது அன்று விளங்கிற்று.

விழா மைதானமே ஒரு சோதனைக்கூடம் என்பது இன்னும் சுவையான செய்தி. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு முரசொலி அரை நொடி தாமதமாகவே கேட்கும். பின்னால் நிற்பவர்களுக்கென்று நடுவழியில் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் நிறுத்துவார்கள். மின்சாரச் செய்தியோ கம்பியில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் போய்விடும். ஆகவே கோபுரம் முந்திக்கொண்டு முழங்கும், மேடை ஒலி பிந்தி வந்து குழப்பும். இதைத் தவிர்க்கப் பொறியாளர்கள் கோபுர ஒலியை வேண்டுமென்றே அந்த அளவு தாமதப்படுத்துகிறார்கள். ஒலியின் வேகத்தை முதன்முதலில் அளக்க முயன்றவர்களுள் ஒருவர் மெர்சென் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவி. 1636-இல் இசையைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் அவரே. துப்பாக்கியின் ஒளி தெரிவதற்கும் வெடியோசை கேட்பதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார். இசையும் விஞ்ஞானமும் ஒரே கூடாரத்தில் இருப்பது அவருக்கு வியப்பாக இருந்திராது என்று நினைக்கிறோம்.

ஒலியை விட்டால் முகில் பெட்டி. கண்ணாடிப் பெட்டியின் மேற்புறத்தில் ஆல்கஹால் நனைத்த துணி. அடியில் உலர் பனிக்கட்டி. ஆவி கீழே இறங்கிக் குளிர்ந்து, எப்போது துளியாகலாம் என்று காத்திருக்கும். அப்போது மின்னேற்றமுள்ள துகள் ஒன்று ஊடுருவிப் போனால் அதன் வழியெங்கும் துளிகள் கட்டி வெண்கோடு தோன்றும். ஸ்காட்லாந்துக்காரர் வில்சன் கண்டுபிடித்து 1927-இல் நோபல் பரிசு பெற்ற கருவியிலிருந்து வந்த எளிய வடிவம் இது. காற்றுமண்டலத்தின் உச்சியில் பிறக்கும் மியூவான்கள் நீட்டிய உள்ளங்கை வழியே ஏறக்குறைய நொடிக்கு ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. இதைப் படிக்கும் உங்கள் கை வழியேயும்தான்! மக்காச்சோள மாவைத் தண்ணீரில் குழைத்து ஒலிபெருக்கியின்மேல் ஆட விடுவதும் உண்டு. குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். மெதுவாகத் தொட்டால் குழம்பு, குத்தினால் கல்.

"இதெல்லாம் வேடிக்கைதானே, மறுநாள் மறந்துபோகாதா?" என்பது நியாயமான கேள்வி. மறந்துபோகத்தான் செய்யும், வெறுமனே பார்த்திருந்தால். மேடையில் ஒருவர் புகை கிளப்பிக் காட்ட, கீழே நிற்பவர்கள் கைதட்டுவது மாயவித்தைக் காட்சி. பார்ப்பவரே மணலைத் தூவி, "இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டுச் செய்துபார்ப்பதுதான் சோதனை. கூடாரங்கள் எல்லாமே இரண்டாவது வகை என்று சொல்ல மாட்டோம். இடையூறுகளும் குறைவில்லை. 2023 ஜூலையில் புளூடாட் விழாவில் மழை கொட்டி, மைதானம் சேறாகி, கடைசி நாளுக்கு மட்டும் சீட்டு வாங்கியவர்களை உள்ளே விட முடியாமல் போயிற்று.

ஆனாலும் யாருக்காக இந்தப் பாடு என்பதைப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்திற்கு வருபவர்கள் ஏற்கெனவே விஞ்ஞானத்தை விரும்புபவர்கள். இசைவிழாவுக்கு வருபவர்களில் பலர், "எனக்கு இது வராது" என்று பள்ளியிலேயே விட்டுவிட்டவர்கள். இங்கிலாந்தில் பதினாறு வயதில் மாணவர்கள் சில பாடங்களை மட்டும் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிடலாம். அதற்குப் பின் பௌதிகம் படிப்பவர்களில் பெண்கள் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. அவர்களுக்கெல்லாம் அறிவு குறைவு என்று யார் நம்புவார்கள்? எங்கள் வகுப்பிலும் தேர்வு முடிந்தவுடன் எந்தப் பிரிவு என்று முடிவு செய்தாக வேண்டும். உப்பைத் துள்ள வைத்த தோழி, தனக்குப் பௌதிகம் வராது என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறாள்.

பள்ளி ஆண்டு விழாவில் பலகாரக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டோம். "சத்தம் அதிகமாக இருக்குமா?" என்றார்கள். இருக்கும் என்று உண்மையைச் சொன்னோம். மேசை கிடைத்துவிட்டது. பாத்திரமும் உப்பும் நாங்கள் கொண்டு வருகிறோம், குரல் உங்களுடையது.