40-லிருந்து 0.6 வரை: ஹீமோஃபிலியாவும் என் டைம்டேபிளும்



ஆர்சி சர்க்யூட்டில் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகும் கர்வை ஃபர்ஸ்ட் இயர்லயே வரைஞ்சிருப்பீங்க. முதல்ல வேகமா இறங்கும், அப்புறம் மெதுவா பூஜ்யத்தை நெருங்கும். என் ரத்தத்துக்குள்ளேயும் அதே கர்வ் வாரத்துக்கு மூணு தடவை ஓடுது. எனக்கு ஹீமோஃபிலியா ஏ, சிவியர் வகை. பிறவியிலேயே வந்தது. இதோடு ஒரு டிகிரி முடிக்க எவ்வளவு கணக்கு போட வேண்டியிருக்குன்னு இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். உங்க கிளாஸிலும் இப்படி ஒருத்தர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் அடிப்படை

காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கு ஃபேக்டர் எனப்படும் புரதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்யணும். 8-ஆம் ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, 9-ஆம் ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா பி. அளவு 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிவியர், 1 முதல் 5 வரை மாடரேட், அதுக்கு மேல் 40 வரை மைல்டு.

ஹீமோஃபிலியான்னு சொன்னதும் எல்லாரும் பயப்படுவது ப்ளேடு கீறலைத்தான். உண்மையில் எங்க ரத்தம் வேகமாகக் கொட்டாது, நிற்கத்தான் அதிக நேரம் எடுக்கும். சின்னக் கீறலை அழுத்திப் பிடிச்சாலே போதும். பெரிய பிரச்சினை உள்ளே நடக்கும் ரத்தக்கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் ரத்தம் கசியும், அடி படாமலேயே கூட. அந்த ரத்தத்தில் உள்ள இரும்பு மூட்டின் சவ்வையும் குருத்தெலும்பையும் அரிக்கும். அதே மூட்டில் திரும்பத் திரும்ப நடந்தால் இருபது வயசிலேயே அறுபது வயசு முழங்கால்தான்.

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. அதனால பெரும்பாலும் ஆண்களுக்கு வருது, அம்மா வழியாக. உடனே "பொண்ணு வீட்டு வியாதி"ன்னு பேச ஒரு கூட்டம் வரும். ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்குமே இருந்திருக்காது, மரபணு மாற்றம் புதுசா நடந்ததுதான். இதில் யார் மேலயும் தப்பு இல்லை.

கணக்கு 1: ரத்தத்தில்

சிகிச்சை என்பது இல்லாத ஃபேக்டரை நரம்பு வழியாக ஏற்றுவது. ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் ஏற்றினால் 8-ஆம் ஃபேக்டர் சுமார் 2 சதவீதம் உயரும். என் எடை 60 கிலோ. 1200 யூனிட் போட்டால் 40 சதவீதம். ஹாஃப்-லைஃப் ஆளுக்கு ஆள் மாறும், சுமார் 12 மணி நேரம்னு வைப்போம்:

போட்டவுடன்: 40
12 மணி: 20
24 மணி: 10
36 மணி: 5
48 மணி: 2.5
60 மணி: 1.25
72 மணி: 0.6

மூணாவது நாள் முடியும்போது மறுபடியும் சிவியர். அதனாலதான் ஒன்று விட்டு ஒரு நாள், இல்லைன்னா வாரம் 3 முறை போடணும். ரத்தக்கசிவு வருவதற்கு முன்பே போடும் இந்த முறைக்குப் பெயர் ப்ரொஃபிலாக்ஸிஸ். வந்த பிறகு ஓடிப்போய்ப் போடுவது ஆன்-டிமாண்ட். ஆன்-டிமாண்டில் உயிர் தப்பும், ஆனால் மூட்டுக்குச் சேதம் அதுக்குள்ள ஆரம்பிச்சிருக்கும்.

படிப்பு எங்கே உடையுது?

விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டுக்கு ஹீமோஃபிலியா இருந்தது. படிப்பில் ஆர்வம் உள்ளவர், 1872-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். 1884-ல் கான் நகரில் வழுக்கி விழுந்து இறந்தபோது வயது 30. அரச குடும்பம், பணம், டாக்டர்கள் எல்லாம் இருந்தும் அன்றைக்கு ஏற்றுவதற்கு ஃபேக்டர் இல்லை. இன்றைக்கு தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்குது. ஒரு சாதாரண குடும்பத்துப் பையன் நான் இன்ஜினியரிங் படிக்கிறதுக்கு அதுதான் காரணம்.

ஆனாலும் படிப்பு உடையுது. ஒரு கணுக்கால் ப்ளீட்னா ஒரு வாரம் படுக்கை. அந்த வாரத்தில் மேட்ரிக்ஸ் நடத்தி முடிச்சிருப்பாங்க. அடுத்த சாப்டர் அதை வச்சுத்தான் ஓடும். பாடம் ஒரு தடவைதான் போச்சு, அதன் விளைவு மட்டும் வருஷம் முழுக்க வரும். ஆறாம் வகுப்பில் ஒரு பள்ளி "எங்களால ரிஸ்க் எடுக்க முடியாது சார், வீட்லயே வச்சுப் படிக்க வைங்க"ன்னு அப்பாகிட்ட சொல்லி அனுப்பியது. மூளையில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் இப்படித்தான் படிப்பை விடுறாங்க.

கணக்கு 2: அட்டெண்டன்ஸில்

நம்ம காலேஜ் விதி உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் வேணும். மெடிக்கல் சர்டிஃபிகேட் இருந்தால் 65 வரை காண்டொனேஷன்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் ஃபேக்டர் போட்டுட்டு வர எனக்கு ஃபர்ஸ்ட் அவர் போயிடும். வாரம் 4 பீரியட் உள்ள ஒரு பாடம், 15 வாரத்துக்கு 60 பீரியட். அந்த மூணு நாளில் ரெண்டு நாள் அதே பாடம் ஃபர்ஸ்ட் அவரில் வந்தால் 30 பீரியட் காலி. 50 சதவீதம், டீடெயின்தான். மூணு நாளும் வேற வேற பாடமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 15 மட்டும் போகும், சரியாக 75. இதில் ஒரு ப்ளீட் வந்து ஒரு வாரம் படுத்தால் 70. ரெண்டு வாரம்னா 65. மூணாவது வாரம் படுத்தால் செமஸ்டரே போச்சு.

என் கையிருப்பு மொத்தம் 2 வாரம். அதனால டைம்டேபிள் ஒட்டின அன்னிக்கே டியூட்டரிடம் போய்டுவேன். ஃபர்ஸ்ட் அவர் மாத்த முடியுமான்னு கேட்பேன், முடியலைன்னா ஆஸ்பத்திரியில் நாளை மாத்தித் தர கேட்பேன். ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பில் ரம்பம், இழைப்புளின்னு முழங்கைக்கு வேலை. ஃபேக்டர் போடும் நாளும் ஒர்க்‌ஷாப் நாளும் ஒன்றாக வருமாறு பார்த்துக்கிட்டேன். 40-ல் இருக்கும்போது இழைக்கலாம், 2.5-ல் வேண்டாம். ப்ரொஃபிலாக்ஸிஸ் ரத்தத்துக்கு மட்டும் இல்லை, டைம்டேபிளுக்கும்தான்.

உங்களுக்கும் இப்படி ஒரு நோய் இருந்தால்

1. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றும் உண்டு. யூடிஐடி கார்டுக்கு விண்ணப்பியுங்கள். சான்றிதழில் 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு பொருந்தும்.

2. எழுதும் கையில் பாதிப்பு இருந்தால் ஸ்க்ரைப் கேட்கலாம். 40 சதவீதம் இல்லாத மாற்றுத்திறனாளிக்கும் அதை மறுக்கக் கூடாதுன்னு 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எக்ஸாம் செல்லுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

3. நோயின் பெயர், செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது, போன் நம்பர் எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி டியூட்டர், வார்டன், பக்கத்தில் உட்காரும் நண்பர் மூவரிடமும் கொடுங்கள்.

பக்கத்து பெஞ்சில் இருந்தால்

நண்பனுக்கு மூட்டு வீங்கினால் நடக்க விடாதீங்க. ஐஸ் வைங்க, காலை உயரத்தில் வைங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு கூடும். தலையில் அடின்னா வெளியே ஒண்ணும் தெரியலைன்னாலும் காத்திருக்காதீங்க.

அப்புறம் நோட்ஸ். "ஏதாவது வேணும்னா சொல்லு மச்சி" என்பது நல்ல மனசுதான், ஆனா அது ஆன்-டிமாண்ட். எங்க கிளாஸில் ஒருத்தி நான் வராத நாளெல்லாம் சாயங்காலம் 6 மணிக்கு போர்டு போட்டோவை அனுப்பிடுவாள். கேட்டதே இல்லை. என் ஆர்ரியர் இல்லாத மார்க்‌ஷீட்டில் அந்த போட்டோக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேருக்கு ஜீன் தெரபி கொடுத்து, அதன் பிறகு ரத்தக்கசிவே வரவில்லை என்ற ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. எல்லாருக்கும் அது வந்து சேர நாளாகும். அதுவரைக்கும் வாரம் மூணு ஊசிதான். அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் வந்ததும் உங்க கிளாஸில் அடிக்கடி லீவு போடுபவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க: "உனக்கு எந்த ஃபர்ஸ்ட் அவர் போகும்? நோட்ஸ் நான் அனுப்புறேன்."