மின்சார கார் வாங்கியதில் வருத்தமா? விற்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரின் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம், பிரகாஷ் நகர் தெருக்களில் பச்சை நம்பர் பிளேட் கார்கள் பெருகப் பெருக, கூடவே ஒரு பேச்சும் பெருகுகிறது. "மூணு வருஷத்துல பாதி விலைகூட தேறாதாமே, அவசரப்பட்டுட்டோமோ?" இந்த வருத்தத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நிறைய பயமும் கலந்திருக்கிறது. பயத்தில் விற்றவர்களுக்குத்தான் உண்மையான நஷ்டம் வருகிறது. ஆகவே கார் வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன் கீழே உள்ளவற்றை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

1. விலை ஏன் இறங்கியது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே அதன் விலை இறங்கியிருக்கலாம், ஏனென்றால் புது வண்டியின் விலை இறங்கிவிட்டது. டாடா நெக்ஸான் மின்சார கார் 2020 ஜனவரியில் 13.99 லட்சம் ரூபாயில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம் பேட்டரி செல் விலை குறைந்ததைச் சொல்லி நெக்ஸானுக்கு 1.2 லட்சம் வரையும், டியாகோவுக்கு 70,000 வரையும் குறைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பண்டிகைச் சலுகையாக 3 லட்சம் வரை குறைப்பு வந்தது. ஆரம்ப விலை 12.49 லட்சம் ஆனது. கூடுதல் வசதிகளோடு புது வண்டியே இந்த விலைக்குக் கிடைக்கும்போது நான்கு வருடப் பழைய வண்டிக்கு யார் 10 லட்சம் கொடுப்பார்? 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததும் சேர்ந்துகொண்டது. மின்சார காருக்கு 5 சதவீதம் அப்படியே இருந்தாலும், இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கியது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் 20,000 மின்சார கார்களை விற்றுத் தள்ள முடிவெடுத்தது. மதிப்பு இறங்கியதற்காக மட்டும் 24.5 கோடி டாலரைக் கணக்கில் கழித்தது. டெஸ்லா தன் புது வண்டிகளின் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஹெர்ட்ஸுக்கு விற்றே ஆக வேண்டிய நெருக்கடி. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையென்றால், விலைச் சரிவு காகிதத்தில்தான் இருக்கிறது. விற்கும் நாளில்தான் அது கைப்பணமாகப் போகும்.

2. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எழுதுங்கள். வருத்தம் நியாயமா இல்லையா என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். ஊருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார், லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 7,300 ரூபாய் ஆகும். மின்சார காருக்கு அதே தூரத்துக்கு, சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 170 யூனிட். வீட்டு மின்சாரம் யூனிட் 7 ரூபாய் என்றால் 1,200-ஐ ஒட்டி வரும். மாதம் 6,000, வருடம் 72,000 மிச்சம். மூன்று வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல். ரீசேலில் போகிறது என்று புலம்பும் தொகையில் ஒரு பங்கு ஏற்கனவே பெட்ரோல் பங்க் போகாததால் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஆனால் மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள், அதையும் வெளியே யூனிட் 20 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஃபாஸ்ட் சார்ஜ் போடுகிறீர்கள் என்றால் மிச்சம் மாதம் 1,200 ரூபாய்கூட தாண்டாது. உங்கள் வருத்தம் நியாயமானது.

3. சார்ஜ் போட நிலையான இடம் இல்லாதவர்கள் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஒக்கலிபுரம் குறுக்குத் தெருக்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், மாடிக்கு மாடி வாடகைக் குடித்தனம், வண்டி நிற்பதோ தெருவில். மேல்மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு நடைபாதைக்கு மேலே சார்ஜ் போடுவது குழந்தைகளுக்கும் மழை நாளில் நடப்பவர்களுக்கும் ஆபத்து. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சாதாரணக் கேபிளே சுமார் 3 கிலோவாட் இழுக்கும், அதுவும் எட்டு ஒன்பது மணி நேரம் தொடர்ந்து.

விற்பதற்கு முன் ஒரு வழி முயன்று பாருங்கள். வீட்டு ஓனரிடம் பேசி, கீழ்த்தளத்தில் உங்கள் மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், தனி எம்.சி.பி., நல்ல எர்த் போடச் சொல்லுங்கள். செலவு உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தால் பல ஓனர்கள் ஒப்புக்கொள்வார்கள். மின்சார பில்லில் 'சாங்ஷன்டு லோடு' எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். போதவில்லை என்றால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ளலாம். கேபிளில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறவில்லை என்றால் பல நேரம் காரணம் எர்த் சரியில்லாததே. வண்டியைக் குறை சொல்வதற்கு முன் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

4. ரேஞ்ச் ஏமாற்றத்தை விற்கும் காரணமாக்காதீர்கள். முதல் நெக்ஸானுக்குச் சான்றிதழில் 312 கிலோமீட்டர்; சாலையில் பலருக்கும் 200-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. இதே புகாரின் பேரில் டெல்லி அரசு 2021 மார்ச்சில் அந்தக் காருக்கான மானியத்தையே நிறுத்திவைத்தது. ஷோரூமில் சொன்ன எண்ணை மறந்துவிட்டு, உங்கள் வண்டி உங்கள் பாதையில் ஓடும் தூரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்குள் தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 200 தாராளம். சென்னை 350 கிலோமீட்டர். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வருடத்தில் நான்கு முறை ஊருக்குப் போவதற்காக வண்டியை விற்பதைவிட அந்த நான்கு முறை ரயில் ஏறுவது மலிவு. ஒக்கலிபுரத்துக்காரர்களுக்கு மெஜஸ்டிக் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தானே.

5. "பேட்டரி போனால் வண்டியே போச்சு" என்ற பயம் இந்த ஊரில் சற்று அதிகம், அதற்கு வரலாறு இருக்கிறது. இந்தியாவின் முதல் மின்சார கார்களில் ஒன்றான ரேவா 2001-ல் பெங்களூரில்தான் பிறந்தது. லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியதும் அதுதான். அதில் இருந்தவை ஈய-அமில பேட்டரிகள். சில வருடங்களிலேயே மொத்தத்தையும் மாற்ற வேண்டி வந்தது. 2010-ல் மஹிந்திரா அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 2013-ல் லித்தியம் பேட்டரியோடு இ2ஓ வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து இன்றைய வண்டியை அளக்க வேண்டாம். இப்போதுள்ள லித்தியம் பேட்டரிகள் ஒரே நாளில் செத்துப்போவதில்லை, வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும்.

6. பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைக் கையில் வாங்குங்கள். ரீசேலில் உங்கள் கையை வலுப்படுத்துவது இந்த ஒரு காகிதம்தான், வேறெதுவும் இதற்கு ஈடில்லை. பழைய மின்சார கார் வாங்குபவர் பயப்படுவது பேட்டரியைப் பற்றித்தான். தெரியாத விஷயத்துக்கு அவர் விலையைக் குறைத்தே கேட்பார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 'எஸ்.ஓ.எச்.' (பேட்டரியின் ஆரோக்கிய அளவு) எவ்வளவு என்று கேட்டு, சதவீதம் போட்ட பிரிண்ட் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு வருட சர்வீஸிலும் கேளுங்கள். மூன்று வருட அறிக்கைகளை வரிசையாகக் காட்டுகிற வண்டிக்கும் வாய் வார்த்தையில் "பேட்டரி சூப்பர்" என்கிற வண்டிக்கும் விலையில் வித்தியாசம் தெரியும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். முழுச் சார்ஜில் கிளம்பித் துமகூரு போய்த் திரும்புங்கள், போக வர ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஏ.சி. அளவும் வேகமும் ஒரே மாதிரி இருக்கட்டும். எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்து, ஆறு மாதம் கழித்து அதே பாதையில் மீண்டும் பாருங்கள்.

7. வண்டி திடீரென்று உயிரே இல்லாமல் நின்றால் பதற வேண்டாம். மின்சார காரிலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று தனியாக உண்டு. நாள்கணக்கில் ஓட்டாமல் விட்டால் அது இறங்கிவிடும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை. இதைப் பெரிய பேட்டரி போய்விட்டதாக நினைத்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

8. வாரண்டி அட்டையில் 'முதல் உரிமையாளர்' என்ற சொல்லைத் தேடுங்கள். பல கார்களுக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் பேட்டரி வாரண்டி உண்டு. அண்மையில் வந்த எம்.ஜி. விண்ட்சர், மஹிந்திரா பி.இ. 6 போன்றவற்றில் ஆயுள் வாரண்டி என்பது முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாம் கைக்குப் போனதும் வருடமும் கிலோமீட்டரும் சுருங்கும். வாங்குபவருக்கு என்ன மிச்சம் கிடைக்கும் என்பதைக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்தால் பேரம் எளிதாகும். சர்வீஸைத் தவறவிட்டாலோ வெளியே வயரிங்கில் கை வைத்தாலோ வாரண்டி கைவிட்டுப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

9. தினசரிப் பழக்கம்: முடிந்தவரை வீட்டு மெதுவான சார்ஜ்; வெயிலில் ஓடி வந்த உடனே ஃபாஸ்ட் சார்ஜ் வேண்டாம்; ஊருக்குப் போகும்போது வண்டியை 50 சதவீத அளவில் நிறுத்துங்கள். எல்.எஃப்.பி. வகை பேட்டரிக்கு அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். மற்ற வகைக்கு 80 போதும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள்.

10. மழையில் கீழ்ப்பாலங்களைத் தவிருங்கள். ஒக்கலிபுரம் கீழ்ப்பாலத்தில் மழைத் தண்ணீர் தேங்குவது நமக்குப் புதிதல்ல. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யெமலூர் பக்கம் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். பேட்டரிப் பெட்டி நன்றாக அடைக்கப்பட்டிருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டி என்று சர்வீஸ் பதிவில் ஏறிவிட்டால் வாங்க ஆள் வராது. இன்ஷூரன்ஸில் பேட்டரிக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. இன்ஷூரன்ஸ் காகிதத்தில் உள்ள ஐ.டி.வி. தொகையைச் சந்தை விலை என்று நம்பிப் பேரம் தொடங்க வேண்டாம். அது வயதுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துப் போடும் எண். இரண்டு வருடத்துக்கு மேல் மூன்று வருடத்துக்குள் என்றால் 30 சதவீதம் கழியும். பேட்டரி நிலவரம் அதில் இல்லை.

12. "பழைய மின்சார காரை விற்றால் 18 சதவீதம் வரி" என்று பரவிய செய்தி உங்களுக்குப் பொருந்தாது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவு, பதிவு பெற்ற வியாபாரி தன் லாபத்தின் மீது கட்டும் வரியைப் பற்றியது. வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரருக்கு நேராக விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. வியாபாரியின் லாபமும் வரியும் நடுவில் இல்லாததால் இருவருக்குமே நல்ல விலை படியும். அக்கம்பக்கத்தில், அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

13. பேட்டரியை வாடகைக்கு எடுத்த வண்டி என்றால் கூடுதல் கவனம். விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது 9.99 லட்சம், கூடவே கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் பேட்டரி வாடகை என்று ஒரு திட்டம் இருந்தது. இப்படிப்பட்ட வண்டியை விற்கும்போது வாடகை ஒப்பந்தம் வாங்குபவர் பெயருக்கு மாற வேண்டும், அல்லது மீதித் தொகையை நீங்கள் தீர்க்க வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே நிதி நிறுவனத்திடம் கணக்குக் கேளுங்கள். மூன்று வருடத்தில் இத்தனை சதவீதம் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற உறுதி உங்கள் வண்டிக்கு இருந்தால், கிலோமீட்டர் வரம்பையும் கடைசித் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

14. கடனோடு இருக்கும் வண்டியா? 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதியானவர்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், வட்டியில் வருடம் 1.5 லட்சம் வரை கழிவு பெறலாம். அவசரமாகக் கடனை அடைத்து விற்றால் அந்தச் சலுகையும் போகும். விற்பதென்றே முடிவானால் வங்கியின் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.சி.யிலிருந்து ஹைபோதிகேஷனை நீக்கிவிட்டு விளம்பரம் கொடுங்கள்.

15. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுப்பதானால் இங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. எடுத்து அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பெட்ரோல் கார் வெளிமாநிலம் போகும்போது கட்டிய ஆயுள் வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். கர்நாடகா 2016 முதல் மின்சார வாகனங்களுக்கு வரி விலக்கு கொடுத்ததால், அப்போது வரி கட்டாமல் வாங்கியவர்களுக்குத் திரும்பி வர ஒன்றும் இல்லை. அங்கே இப்போது என்ன வரி என்று விசாரித்து, அது யார் பொறுப்பு என்பதை விலைக்குள்ளேயே பேசி முடியுங்கள்.

16. ஒருவர் வருந்தி விற்கிற வண்டி இன்னொருவருக்கு நல்ல வாய்ப்பு. முதல் விலைச் சரிவை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் நீங்கள் வாங்குபவர் என்றால், வாடகைக்கு ஓடிய வண்டியா என்று ஆர்.சி. வரலாற்றில் பாருங்கள். மின்சார டாக்ஸி நிறுவனமான ப்ளூஸ்மார்ட் 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்தியதுபோல வாடகை நிறுவனங்கள் மூடும்போது பெரிய எண்ணிக்கையில் வண்டிகள் சும்மா நிற்கும், பிறகு விற்பனைக்கு வரலாம். வாடகை வண்டியின் பச்சைப் பிளேட்டில் எழுத்து மஞ்சள், சொந்த வண்டிக்கு வெள்ளை. பிளேட்டை மாற்றலாம், பதிவேட்டை மாற்ற முடியாது.

17. சாவி கொடுக்கும் நாளில் சார்ஜிங் கேபிளையும் கொடுங்கள். புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ஆகும் என்பதால் பேரத்திலேயே அது பேசப்பட வேண்டும். செல்போன் ஆப்பில் வண்டியை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள், இல்லையென்றால் அவர் வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் போன் காட்டிக்கொண்டே இருக்கும். ஃபாஸ்டேகை மூடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தானதும் நகல் எடுத்து, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். பெயர் மாறும் வரை சிக்னல் கேமரா போடும் அபராதமெல்லாம் உங்கள் பெயருக்கே வரும்.