வீட்டில் செல்போன் பழுது பார்க்க எந்த மேசை?

நம் பிள்ளைகள் பலர் செல்போன் சர்வீஸ் கற்று, வீட்டிலேயே தொழிலைத் தொடங்குகிறார்கள். கருவிகள் வாங்குமுன் மேசையைக் கவனிப்போம்.

இரும்பு மேசை வேண்டாம். போர்டு பட்டால் ஷார்ட் ஆகும். கண்ணாடி, சன்மைக்கா, பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவற்றில் நிலைமின்சாரம் தேங்கும். 3000 வோல்ட் அளவுக்குக் கீழே அது நம் கைக்குத் தெரிவதில்லை. நுண்ணிய ஐசிக்களில் சில 100 வோல்ட்டிலேயே கெட்டுவிடும். காற்று வறண்டிருக்கும்போது இந்த ஆபத்து கூடும்.

ஆடாத மர மேசையும், அதன்மேல் ஈஎஸ்டி ரப்பர் மேட்டும் போதும். மேட்டின் வயரை எர்த்தில் இணைத்தால்தான் பலன். அந்த வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். வீட்டு எர்த் சரியாக உள்ளதா என எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்வோம். நீல நிற சிலிக்கான் மேட் சால்டரிங் சூட்டைத் தாங்கும். ஆனால் பெரும்பாலானவை நிலைமின்சாரத்தைத் தடுப்பதில்லை. கேட்டு வாங்குவோம்.

கரண்டில் ஓடும் டிவி, மிக்ஸியை இந்த மேட்டில் வைத்துப் பிரிக்கக் கூடாது.

இன்னொன்று முக்கியம். 60/40 சால்டரில் 40 சதவீதம் காரீயம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே சாப்பிடும் மேசையிலோ, குழந்தை தவழும் தரையிலோ இந்த வேலை வேண்டாம். வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைத்து, சோப்பால் கை கழுவிய பிறகே உணவைத் தொடுவோம்.

வாடிக்கையாளரின் போன் நம்மிடம் உள்ள அமானிதம். வந்த பழுதைத் தீர்க்கும்போது புதுப் பழுது சேராமல் காப்பதும் நம் பொறுப்பே.